கருவி என்னைக் காட்டிக்கொடுத்தது, அப்பா

என் செல்ல அப்பாவுக்கு,

வீக்கம் வற்றிவிட்டது! நலம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை, முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். இன்று காலை கண் டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் அருகருகே வைத்துக் காட்டினார். என் வலது கண்ணின் விழித்திரை அப்பா!

நான்கு மாதம் முன்பு சிராங்கூன் சாலையில் என் அழகு நிலையத்தில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு நூல் வைத்துப் புருவம் திருத்தினேன். பல்லில் கடித்து இழுத்த நூல் என் கண்ணுக்கு நடுவில் வளைந்து தெரிந்தது. கண்ணாடியைப் பார்த்த அந்தப் பெண், "அக்கா, ஒண்ணு மேல போயிருக்கு லா!" என்று அலறினாள். இருபது வருட அனுபவம், மானம் கப்பலேறிவிட்டது.

எனக்கும் சர்க்கரைதான், உங்கள் சொத்து. உங்கள் தந்திரத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டேன். பாலிகிளினிக் சோதனைக்கு ஒரு வாரம் முன்பு மட்டும் சர்க்கரையில்லாத கறுப்புத் தேநீர், தே ஓ கோசோங். முடிந்ததும் நேராகத் தேக்கா காப்பிக் கடை, இனிக்க இனிக்க இரண்டு தே தாரிக். கண்ணைப் படம் எடுக்கக் கூப்பிட்டால், "எனக்குத்தான் நல்லாத் தெரியுதே" என்று தட்டிக்கழிப்பீர்கள். நானும் அப்படியே.

அந்தப் புருவத்துக்குப் பிறகு பயந்துபோய்க் கண் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே கண்ணைப் படம் எடுக்கும் கருவியிடம் நம் பருப்பு வேகவில்லை. "தாடைய வச்சிக்கிட்டு பச்சைப் புள்ளியப் பாருங்கக்கா, இமைக்காதீங்க" என்றாள் படம் எடுக்கும் பெண். கண்ணைத் தொடவே இல்லை. உள்ளே இருக்கும் அடுக்கெல்லாம் குவே லாபிஸ் கேக் துண்டு மாதிரி திரையில் வந்து நின்றன. நடுவில் மட்டும் புடைத்து நீர் கோத்திருந்தது. வருடக்கணக்கில் சர்க்கரை செய்த வேலை, ஒரு வாரக் கோசோங்கை மதிக்குமா?

"வீட்ல வேற யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார். உங்கள் பார்வை போனதை அம்மா சர்ச்சில் எல்லோரிடமும் வயதுக் கோளாறு என்றே சொல்லிவந்தார். நான் முதல் முறையாக உண்மையைச் சொன்னேன். "எங்கப்பாவுக்கு. சர்க்கரையால பார்வையே போயிடுச்சு டாக்டர்." சொல்லும்போதே அழுதுவிட்டேன். நீங்களும் அன்றைக்கே அந்தக் கருவி முன்னால் உட்கார்ந்திருந்தால்? கோபம் இன்னும் இருக்கிறது அப்பா, மறைக்க மாட்டேன்.

பிறகு மாதம் ஓர் ஊசி, கண்ணுக்குள்ளேயே. பயந்து செத்தேன். ஒவ்வொரு முறையும் படம் எடுத்துப் பார்த்தார்கள். இன்று அந்தப் புடைப்பு தட்டையாகிக் கிடக்கிறது! "இதோட முடிஞ்சிடல, தொடர்ந்து பாக்கணும்" என்றார் டாக்டர். பார்க்கத்தான் போகிறேன்!

இனி ஒரு சோதனையையும் தவறவிட மாட்டேன், தம்பியையும் இழுத்துக்கொண்டு போவேன். இது சத்தியம்.

மருத்துவமனையிலிருந்து நேரே உங்கள் பேத்தியின் பள்ளிக்கூட வாசலுக்குப் போய் நின்றேன். கைக்குழந்தையாக இருந்தவளின் முகத்தைத் தடவித் தடவி, "யாரு ஜாடைம்மா?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அப்போது எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்று என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

நீங்களேதான் அப்பா.

உங்கள் மூத்த மகள்,
ஸ்டெல்லா