கருங்காலி

ஸ்ரீராம்புரம்,
12-10-1958

ஆனேக்கல் மாமாவுக்குச் சந்திரம்மா வணக்கத்துடன் எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

நம் நிச்சயதார்த்தத்தன்று பேசச் சொன்னீர்கள். எனக்கு வாயே வரவில்லை. உங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, செருப்பைத்தான் பார்த்தேன். எழுதுவது அதைவிடச் சுலபமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. தப்பு இருந்தால் சிரிக்காதீர்கள்.

நீங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய கோழி கூடையோடு வந்து சேர்ந்தது. கால்கள் கரியில் தோய்த்தது போல் இருக்கின்றன. பக்கத்து வீட்டு லட்சுமம்மா அக்கா, "என்னடி, அடுப்புக்குள்ள விட்டு எடுத்தியா?" என்று கேலி செய்தார். உங்கள் பக்கத்தில் இந்த இனத்துக்குக் கருங்காலி என்று பெயராமே. நானும் அப்படியே கூப்பிடுகிறேன். இரண்டே நாளில் பெயர் பழகிவிட்டது, எங்கிருந்தாலும் ஓடி வருகிறது.

மில்லில் ஸ்டிரைக் முடிகிற வழியாக இல்லை. சங்கத்துக்காக நீங்கள் ஊர் ஊராகப் போய்க் கேழ்வரகு வசூலிப்பதாக இங்கே பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். வெயிலில் அலையாதீர்கள். ஒரு கார்டு போட உங்களுக்கு இத்தனை நாளா?

உங்கள்
சந்திரம்மா

*

ஆனேக்கல்,
20-10-1958

அன்புள்ள சந்திராவுக்கு,

உன் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. கோழி உன்னிடம் ஒட்டிக்கொண்டது கேட்டு அம்மாவுக்குச் சந்தோஷம்.

கருங்காலி என்பது முதலில் மரத்தின் பெயர். இங்கே காட்டோரம் ஒன்றிரண்டு நிற்கின்றன. மேலே பார்த்தால் சாதாரண மரம். அறுத்தால் நடுக்கட்டை மட்டும் கன்னங்கரேலென்று, இரும்பு மாதிரி. நம் கல்யாணத்தில் மஞ்சள் இடிக்க அதில் ஓர் உலக்கை செய்யச் சொல்லியிருக்கிறேன். ஆசாரி இரண்டு உளியை மழுங்கடித்துவிட்டுத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். உன் அப்பா சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். உடம்புக்கு ஏதாவதா? ஒளிக்காமல் எழுது. கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அன்புடன்
முனிகிருஷ்ணன்

*

ஸ்ரீராம்புரம்,
29-10-1958

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் பல தடவை படித்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பா வேலைக்குப் போகிறார்.

விடிவதற்கு முன் எழுந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டுகிறார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பஞ்சு லாரி நிற்கும். மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு மில்லுக்குள் போகிறார். சாயங்காலம் கொல்லை வழியாக வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் என் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்கிறார். ஸ்டிரைக் வந்ததிலிருந்து எங்கள் தெருவில் யார் தலையிலும் பஞ்சு இல்லை. எல்லோரும் எண்ணெய் தடவிச் சீவி, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி இருக்கிறார்கள். அப்பா தலையில் மட்டும் பஞ்சு. புருவத்திலும் காது மயிரிலும்கூட. நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சீப்பால் வாரி, அடுப்பில் போடுகிறேன். அதற்குப் பிறகுதான் அப்பா வாசல் பக்கம் போவார்.

உங்கள் கூட்டத்தை அவர் வெறுக்கவில்லை. கல்யாணம் தை மாதத்தைத் தாண்டினால் வேறு இடம் பார்ப்போம் என்று அத்தை சொல்லியனுப்பினார்கள். ஒருமுறை தள்ளிப்போட்டாகிவிட்டது. இன்னொரு முறை எப்படிக் கேட்பது என்று, கல்யாணச் செலவுக்காக அப்பா வேலைக்குப் போனார். அத்தை சொல்லியனுப்பியது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

யாரிடமும் சொல்லாதீர்கள்.

உங்கள்
சந்திரம்மா

*

ஆனேக்கல்,
5-11-1958

அன்புள்ள சந்திராவுக்கு,

படித்தேன். தூக்கம் வரவில்லை. அம்மா சொல்லியனுப்பியது சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனாலும் ஊரே பட்டினி கிடக்கும்போது மாமா செய்வது எனக்குப் பொறுக்கவில்லை.

சங்கத் தோழர் டொமினிக் பெங்களூர் வருகிறார். உலக்கையை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கனமாக இருக்கும், காலில் போட்டுக்கொள்ளாதே.

முனிகிருஷ்ணன்

*

ஸ்ரீராம்புரம்,
18-11-1958

மாமாவுக்கு,

உலக்கை வந்தது. அதே டொமினிக் கையில் ஒரு பாட்டும் வந்தது.

மில் கேட்டில் பாடினார்களாம். மறுநாள் குழாயடியில் குழந்தைகள் பாடினார்கள். நான் குடத்தை வைத்துவிட்டு நின்று கேட்டேன்.

காட்டில் நின்றால் கருங்காலி – அது
கதவுக்கும் உலக்கைக்கும் ஆகுமடா
ரோட்டில் நின்றோம் நாங்களெல்லாம் – நீ
லாரியில் படுத்துப் போனாயடா
வீட்டில் வந்து தலைகுனிவாய் – உன்
மகள் பஞ்சு பொறுக்கித் தருவாளடா

தெருவில் லாரியைப் பார்த்தவர்கள் இருக்கலாம். கொல்லையில் நான் பஞ்சு பொறுக்கியதை யார் பார்த்தார்கள்? லட்சுமம்மா அக்கா என் விரல்களையே பார்த்தார். பிறகு தன் குடத்தை என் குடத்தை விட்டுத் தள்ளி வைத்தார். இந்தப் பாட்டு யாருடையது என்று யாரும் சொல்லவில்லை. உலக்கையைப் பார்த்த எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அன்றோடு அப்பா போவதை நிறுத்திவிட்டார். கொல்லைச் சுவரில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று தடவித் தடவிப் பார்த்து, களிமண் குழைத்து அடைத்துக்கொண்டிருக்கிறார். எந்தக் கண் பார்த்ததோ என்கிறார். நான்தான் மண் குழைத்துக் கொடுத்தேன்.

கோழியை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை. பா, பா என்கிறேன். அது வருவதில்லை.

நீங்களா எழுதினீர்கள்? இல்லை என்று ஒரு வரி எழுதினால் நம்பிவிடுவேன்.

சந்திரம்மா

*

ஆனேக்கல்,
2-12-1958

சந்திராவுக்கு,

நான்தான் எழுதினேன். பொய் சொல்ல மாட்டேன்.

யார் பெயரையும் அதில் போடவில்லை. ஒருவருக்காக எழுதியதும் இல்லை. லாரியில் போனவர்கள் பலர். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு மகள் பஞ்சு பொறுக்கியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். அந்த வரியைப் பாடும்போது கூட்டமே அமைதியாகிவிட்டதாம், டொமினிக் சொன்னார். வசை எத்தனை பாடினாலும் உள்ளே போகாது, அந்த ஒரு வரி போயிற்று. மாமாவும் வெளியே வந்துவிட்டார் அல்லவா? அது நல்லதுதானே? நாளைக்கு அவரே இதை ஒப்புக்கொள்வார்.

அம்மாவிடம் பேசிவிட்டேன். தையோ பங்குனியோ, கல்யாணத்தில் மாற்றமில்லை. நீ சின்னப் பெண். மனசில் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்
முனிகிருஷ்ணன்

*

ஸ்ரீராம்புரம்,
11-1-1959

ஆனேக்கல் முனிகிருஷ்ணன் அவர்களுக்கு,

ஸ்டிரைக் முடிந்து மில் ஓடுகிறது. நீங்கள் கேட்ட கூலி கிடைத்ததற்கு இங்கே மேளம் அடித்தார்கள். எனக்கும் சந்தோஷந்தான். அப்பாவும் வேலைக்குப் போகிறார், இப்போது செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு. தறியில் யாரும் அவரோடு பேசுவதில்லை.

முதல் நாள் தெரு முழுக்கப் பஞ்சுத் தலைகளாக வந்தார்கள். அப்பா வாசல் வழியாகத்தான் வந்தார். நான் பழக்கத்தில் சீப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அப்பா தலையை விலக்கிக்கொண்டு, "இருக்கட்டும்மா. எல்லார் தலையிலயும் இருக்குதே" என்றார். அதற்குப் பிறகு ஒருநாளும் என்னிடம் தலையைக் கொடுக்கவில்லை.

பெருமாள் கோயிலில் கல்யாணத் தேதி பார்க்க அத்தை ஆள் அனுப்பிய அன்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் உங்களுக்கு எழுதியதையும், பாட்டு யாருடையது என்பதையும். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்ச் சுவரில் அடைத்த மண்ணை விரலால் அழுத்திப் பார்த்தார். "என்னெப் பாடினான், பாடட்டும். செஞ்சதுதானே. ஒன்னெ எதுக்கு அதுல இழுத்தான்?" என்றார்.

நீங்கள் சொன்னபடி அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் உங்களிடம் இருக்கலாம்.

உலக்கையைச் சாக்கில் கட்டி ஆனேக்கல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். மஞ்சள் படவில்லை. வேறு வீட்டுக் கல்யாணத்துக்கு ஆகும். கோழி அடையில் உட்கார்ந்திருக்கிறது, எழுப்ப மனம் வரவில்லை. குஞ்சுகள் இறங்கியதும் அதையும் அனுப்பிவிடுவேன்.

கல்யாணம் வேண்டாம் என்று அம்மாவிடம் வாய் திறந்து நானே சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அத்தை கேட்டால் நீங்களே சொல்லுங்கள். உங்களுக்குப் பாட்டாகவே சொல்ல வரும்.

பதில் போட வேண்டாம்.

பச்சைமுத்து மகள்
சந்திரம்மா