படையலில் வைத்த கசாயப் போத்தல்

என் அன்புப் பரிமளம்,

உம்முடைய ஆண்டுத் திவசத்தில் சபை நடுவே என் வேட்டி அவிழ்ந்துவிட்டது. படையலில் கடைசிச் சாமானை வைத்துவிட்டு நிமிர்ந்தனான். அது தன்பாட்டில் இறங்கிவிட்டது. "துறைமுகத்தில கப்பலுக்குக் கயிறு கட்டுற ஆள்" என்று உம்முடைய மகள் சிரித்தாள். சிரிக்கட்டும். நீர் போன பிறகு இப்போதுதான் சிரிக்கிறாள்.

அந்தக் கடைசிச் சாமான் என்ன தெரியுமோ? உம்முடைய அண்ணரின் கசாயப் போத்தல். வெறும் போத்தல்தான். கழுவி அலுமாரிக்குள் வைத்திருந்தனான், இந்த நாளுக்காகவே.

கிண்ணியா றஹ்மத்தும்மாவை நினைவிருக்குதோ? உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வருத்தம், எலும்பு மச்சையில் வருகிற மைலோமாப் புற்றுநோய். கொழும்பில் நடந்த புது மருந்துப் பரிசோதனைக்கு ஒரே வான் வண்டியில்தானே போனீர்கள். அவவைச் சேர்த்தார்கள், உம்மைச் சேர்க்கவில்லை. "ஈரல் பழுதாய்க் கிடக்கு. நாட்டு மருந்து ஏதும் குடிச்சனீங்களோ?" என்று டொக்டர் கேட்க, நீர் நிலத்தைப் பார்த்தீர். "உன்னை எலி மாதிரி வைச்சுப் பார்க்கப் போறாங்கள், தங்கச்சி" என்று சொல்லி, நான் வேலைக்குப் போன நேரங்களில் அண்ணர் கசாயம் பருக்கினது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

போன கிழமை றஹ்மத்தும்மா போன் எடுத்தா. "வருத்தம் முழுசா மாறினதெண்டு டொக்டர்மார் சொல்லல்ல, தம்பி. ஆனா குசினியில சமையல் வேலையெல்லாம் இப்ப நானேதான்." சந்தோசம் என்றேன். பிறகு நீர் சாய்ந்திருக்கிற கதிரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்த மருந்து உமக்கும் கேட்டிருக்குமோ? ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே போகச் செய்தவரை நான் எப்படி விடுவது?

அவர் திவசத்துக்கு வந்து, "ஆஸ்பத்திரிக்காரர்தான் என்ர தங்கச்சியைக் கொண்டது" என்று எல்லாருக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் குந்தியிருந்து, போத்தலைப் பயற்றம் பணியாரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னப்பா இது?"

"அவவுக்கு உரியதெல்லாம் வைக்க வேணும், மச்சான். நீங்கள் ஒளிச்சு ஒளிச்சு ஆசையாய்க் குடுத்ததை விட ஏலுமோ?"

அவருடைய முகம் கறுத்தது. பார்க்கவேண்டுமென்று நான் ஒரு வருசம் காத்திருந்த முகம். வடிவாய்ப் பார்க்கலாம் என்று நிமிர்ந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் வேட்டி. பழிவாங்கக்கூட எனக்கு ஒழுங்காய் வராது.

போகும்போது படலையடியில் செருப்பைப் போடக் குனிய ஏலாமல் நின்றார். "முதுகு ரெண்டு மாசமாய் நோகுது. படுத்தாலும் விடுதில்லை. மூட்டை தூக்கினதாக்கும்."

உமக்கும் அந்த வருத்தம் முதுகு நோவில்தானே தொடங்கினது, நீரும் முதலில் குடம் தூக்கினது என்றுதானே சொன்னீர்? நீர் இருந்திருந்தால் என்னைத் தள்ளிவிட்டு அவரிடம் ஓடியிருப்பீர். தெரியும். கூடப்பிறந்தவர்.

"பார்த்துப் போங்கோ, மச்சான்" என்று படலையைச் சாத்தினேன்.

வருகிற திவசத்துக்கும் அந்தப் போத்தலை வைப்பேன், வேட்டிக்கு மேல் பெல்ட்டும் கட்டிக்கொண்டு. இது உம்மேல் சத்தியம். மற்றதுக்கு என்னிடம் சத்தியம் கேட்காதேயும்.

"ஒருக்கா ரத்தம் சோதிச்சுப் பாருங்கோ" என்பதை மட்டும் நான் வாய் திறந்து சொல்லவில்லை.

உம்முடைய பிள்ளையின் அப்பா