யார் கொடுத்தது என்று கேட்க மாட்டேன்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசலில் இன்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி முளைத்திருக்கிறது. அதில் ஒரு கான்ஸ்டபிள். மீசைதான் முதலில் கண்ணில் படுகிறது, ஆள் அப்புறம்தான். ஆயாம்மா உடனே ‘மீசை’ என்று பெயர் வைத்துவிட்டாள். மாத்திரை போட்டு மயங்கி வருகிறவர்களையும், கூட்டி வருகிறவர்களையும் விசாரிக்கப் போகிறாராம். உத்தரவு யாருடையது என்று கேட்டேன். நெளிந்தார்.

“ஐயாதான் மேடம்.”

ஐயா என்றால் என் வீட்டுக்காரர். காலையில் நான் போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போன இன்ஸ்பெக்டர். ஒரு வார்த்தை சொல்லவில்லை!

மார்ச் 5, புதன்

சாப்பிடும்போது சண்டை.

“ஊருக்குள்ளேயே எவனோ மாத்திரை செஞ்சு விக்கிறான். எங்கன்னு தெரியணும்னா வாங்கினவனைத்தானே கேக்கணும்?”

“கேளுங்க. என் வார்டுல கேக்காதீங்க.”

“உன் வார்டா? உன் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டாங்களா?”

அத்தை தட்டைத் தூக்கிக்கொண்டு டிவிக்கு முன்னால் போய்விட்டார். “முடிஞ்சதும் சொல்லுங்க, கை கழுவ வரேன்” என்றார். மாமியார் என்றால் இப்படி இருக்க வேண்டும், யார் பக்கமும் இல்லாமல்.

என் வீட்டுக்காரருக்கு ஏன் புரியவில்லை? ஊரில் இந்த மாத்திரையைப் பட்டன் என்கிறார்கள். மருந்துக் கடை வலி மாத்திரை போலவே பச்சையாக, நடுவில் கோட்டோடு இருக்கும். ஆனால் எங்கோ ஒரு வீட்டு மிக்ஸியில் பொடியைக் கலந்து அச்சில் அழுத்துகிறான். அதனால்தான் அவனுக்கு மிக்ஸிக்காரன் என்று பெயர். கலவை ஒரே சீராக இருக்குமா? போன மாதம் அண்ணனும் தம்பியும் ஒரே மாத்திரையை உடைத்து ஆளுக்குப் பாதி போட்டார்கள். தம்பிக்கு ஒன்றுமே ஆகவில்லை. அண்ணனுக்கு மூச்சு நின்றுவிட்டது. அண்ணன் பிழைத்தது எப்படி? என்ன போட்டான், எப்போது போட்டான் என்று தம்பி பக்கத்தில் நின்று சொன்னதால்தான். வாசலில் மீசை உட்கார்ந்திருந்தால் அந்தத் தம்பி உள்ளே வந்திருப்பானா?

மார்ச் 8, சனி

வரமாட்டான். இன்று தெரிந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் நிற்கிற கொட்டகைக்குக் கீழே ஒருவனைக் கிடத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். டிரைவர் பார்த்து எங்களைக் கூப்பிடுவதற்குள் உதடு நீலமாகிவிட்டது. டியூட்டி டாக்டர் ஊசி போட்டார். அசைவில்லை. இன்னொன்று போட்டார். வேறு எதுவோ கலந்திருக்கிறது என்றார். எது? கேட்க ஆள் இல்லை. எல்லாம் செய்து பார்த்தோம். போய்விட்டான்.

சாயங்காலம் அவன் அம்மா வந்தார். அழவில்லை. “கூட யாருமே இல்லையாம்மா என் பையனுக்கு?” என்று கேட்டார்.

இருந்தாங்கம்மா. இங்க வரைக்கும் தூக்கிட்டு வந்திருக்காங்க. வாசல்ல போலீஸைப் பார்த்துட்டு ஓடிட்டாங்க. ஓட வச்சது நாங்க. என் புருஷன். — இதை நான் சொல்லல. தலையை ஆட்டிட்டு நின்னேன். சே.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

மார்ச் 10, திங்கள்

போனதும் முதல் வேலையாக நாற்காலியில் கை வைத்தேன்.

“மேடம், ஐயா ஆர்டர்.”

“உங்க ஐயாவுக்கே தினமும் ஆர்டர் போடறவ நான். எழுந்திரிங்க.”

எழுந்துவிட்டார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வெளி கேட்டைத் தாண்டி, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் போட்டேன். மீசை தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். பாவம்தான். ஆனால் நாற்காலியை விடவில்லை.

பெரிய டாக்டர் கூப்பிட்டார். “போலீஸோட நமக்கு எதுக்கு சிஸ்டர் வம்பு?”

“வம்பு போலீஸோட இல்ல சார். சாவோட.”

கொஞ்சம் சினிமாத்தனமாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மார்ச் 17, திங்கள்

விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. நான்காக மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்தேன். மேஜை இப்போது ஆடவில்லை.

மார்ச் 21, வெள்ளி

ஒரு பெண் தன் அண்ணனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தாள். துணிக்கடை சீருடைகூட மாற்றவில்லை. உள்ளே வந்ததும் கேட்டேன், என்ன, எப்போது என்று.

“பட்டன்தான்க்கா. பச்சை இல்ல, இப்ப மஞ்சள் வந்திருக்கு. ஒண்ணுதான் போட்டான், குளிக்கப் போறதுக்கு முன்னாடி.”

ஒண்ணுதான்! ஒன்றுக்கே இந்தக் கதி என்றால் இந்த மஞ்சள் பழைய பச்சையைப் போல் எத்தனை மடங்கு? அண்ணன் பிழைத்தான். போகும்போது அவள் மெதுவாக, “போலீஸ்ல சொல்வீங்களா?” என்றாள்.

“அது என் வேலை இல்லம்மா.”

அவளுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், இரண்டும் மஞ்சள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: ‘மஞ்சள் பட்டன் ஆளைக் கொல்கிறது. போடாதீர்கள். போட்டுவிட்டால் தனியாகப் படுக்காதீர்கள், உடனே இங்கே வாருங்கள். யார் கொடுத்தது என்று கேட்க மாட்டோம்.’ ஆஸ்பத்திரி கேட்டில் ஒன்று, டீக்கடையில் ஒன்று, பஸ் நிறுத்தத்தில் ஒன்று. மூன்றாவதை ஒட்டும்போது மீசைதான் பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 24, திங்கள்

மத்தியானமே வீட்டுக்காரர் வந்துவிட்டார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. கண்கள் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

“காலி வீடு. மிக்ஸிக்காரன் பறந்துட்டான்.”

குடோன்களுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. நான்கு மாதமாகக் கண் வைத்திருந்தார்களாம், எனக்குத் தெரியாது. இன்று உள்ளே போனால் தரையெல்லாம் மஞ்சள் பொடி, கவிழ்ந்து கிடக்கிற கேன்கள், உடைந்த மிக்ஸி. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நுழைந்திருக்கிறார்கள், இதுதான் இவர்கள் பாதுகாப்பு. கூடப் போன இரண்டு பேர் அங்கேயே வாந்தி எடுத்திருக்கிறார்கள்.

“உன் போஸ்டரைப் பார்த்துட்டுதான் ஓடியிருக்கான். இனி வேற எங்கயாவது அடிப்பான். அங்க சாகறவனுக்கு யார் பதில் சொல்றது? நீ சொல்வியா?”

அந்தப் போஸ்டர் இல்லாவிட்டால் சனி, ஞாயிறில் மஞ்சள் போட்டுவிட்டு ஓடி வந்த ஐந்து பேர் வந்திருப்பார்களா என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குழாயடியில் தலையைக் குனிய வைத்துக் கண்ணில் தண்ணீர் விட்டேன்.

“எரியுதுடி.”

“எரியட்டும். திறங்க. என்ன பொடி அது? எவ்வளவு நேரம் உள்ள இருந்தீங்க?”

“எனக்கென்ன தெரியும்?”

“யாருக்குத் தெரியும்?”

மிக்ஸிக்காரனுக்குத் தெரியும், அவனோ என் போஸ்டரைப் பார்த்து ஓடிவிட்டான். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்ப் படம் எடுக்க வைத்தேன். நெஞ்சில் புண் இருக்கிறதாம், ஆற நாளாகுமாம்.

போஸ்டரைக் கிழிப்பேனா? கிழிக்க மாட்டேன்.

மார்ச் 26, புதன்

இருமுகிறார். அத்தை முதல்முறையாக ஒரு பக்கம் சேர்ந்திருக்கிறார். என் பக்கம் இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

எனக்கு மாற்றல் வரும் என்கிறார் பெரிய டாக்டர். வரட்டும். வருகிற வரைக்கும் இந்த வாசலில் நான் வைத்ததுதான் சட்டம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குடோனில் மூட்டை தூக்குகிறவர்கள், நான்கு பேர். மூன்று பேர் ஓடி வந்தார்கள், நாலாமவன் அவர்கள் தோளில் கிடந்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே ஒருவன் கத்தினான்: “மஞ்சள் சிஸ்டர், ரெண்டு, சாப்பாட்டுக்கு அப்புறம்!” ஊசி போட்டோம், மறுபடி போட்டோம். நெஞ்சு ஒரு தூக்குத் தூக்கி மூச்சு வந்தது. மூவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். போகச் சொன்னாலும் போகவில்லை.

அப்போது பார்த்து என்னைக் கூட்டிப்போக அவர் வந்து நின்றார். யூனிபார்மில்.

மூவரும் எழுந்துவிட்டார்கள். ஒருவன் பார்வை கதவுக்குப் போனது. மஞ்சள் வாங்கினவர்கள் இவர்கள். மிக்ஸிக்காரன் இப்போது எங்கே இருக்கிறான் என்று இவர்களில் ஒருவனுக்காவது தெரிந்திருக்கும். அது எனக்கே தெரிகிறபோது அவருக்குத் தெரியாதா? போய் நடுவில் நின்றேன். வேண்டுமானால் என்னைத் தாண்டிப் போகட்டும்.

அவர் என்னைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். இருமல் வந்தது, இருமி முடித்தார்.

“எப்படி இருக்கான்?”

“மூச்சு வந்துடுச்சு சார்” என்றான் ஒருவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“உக்காருங்கப்பா.”

சொல்லிவிட்டு அதே பெஞ்சின் ஓரத்தில் தானும் உட்கார்ந்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு ‘யார் கொடுத்தது’ என்கிற அந்த ஒரு கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்திருப்பது எவ்வளவு பாடு என்று, குடும்பம் நடத்துகிற எனக்குத்தான் தெரியும்.

மூவரும் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். நான் உள்ளே போய் ஊசிக் குப்பையை எடுத்துப் போட்டேன்.