கண்ணாடி மணிகளும் ஒரு விசாரணையும்

12 மார்ச் 2024, செவ்வாய்

காலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு நிமிடம்தான் இருக்கும். அதற்குள் மணிகள் எல்லாம் பெரிதாகி, நான் அவற்றின் நடுவே செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலிலும் துவாக்குடி வானம்.

விழித்ததும் மிச்சத்தை எண்ணி முடித்தேன். நூற்றுக்கு எண்பத்தொன்று உருண்டை. நல்ல மணி.

இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. உடைந்த கண்ணாடியை மாவாக்கி, உலையின் அடியிலிருந்து நெருப்போடு மேலே ஊதுகிறோம். நெருப்பில் மிதக்கிற அந்தக் கணத்தில் ஒவ்வொரு துகளும் தானாக உருண்டுகொள்கிறது. ரவையைவிடச் சிறியது. சாலையில் போடும் வெள்ளைக் கோட்டில் இதைத் தூவினால் வண்டி வெளிச்சம் பட்டு கோடு மினுங்கும். கோட்டைப் பார்க்கிறவர்கள் மணியைப் பார்ப்பதில்லை. எனக்கென்னவோ அது பிடித்திருக்கிறது.

இரண்டாம் உலை இன்றும் எரியவில்லை. ஆர்டர் இல்லை.

மத்தியானம் முதலாளி தேசிகன் சார் கூப்பிட்டார். "வந்துடுத்து பிரான்சி. டெல்லில விசாரணைக்கு எடுத்துண்டுட்டா." நாங்களும் வேறு மூன்று தொழிற்சாலைகளும் சேர்ந்து கொடுத்த மனு. வெளிநாட்டு மணியை, அவர்கள் தங்கள் ஊரில் விற்கிற விலையைவிடக் குறைத்து இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அதனால்தான் நாங்கள் படுத்துவிட்டோம் என்று. அதிகாரிகள் விசாரித்து உண்மை என்று கண்டால் இறக்குமதிக்கு வரி போடுவார்கள்.

பொன்மலைப்பட்டிக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது. வீட்டு வாசலில் தம்பி ஆசீரின் வண்டியைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் நின்றுவிட்டது. அவனிடம் சொல்லவில்லை.

31 மார்ச் 2024, ஈஸ்டர்

சாப்பாடு மாடியில். கீழே நான், மேலே தம்பி குடும்பம். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆன பணத்தில் கட்டிய வீடு.

ஆசீருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. தெரியாமல் எப்படி இருக்கும்? அரியமங்கலத்தில் அவன் செய்வதே அந்த வெள்ளைக் கோட்டுக்கான பெயின்ட்தான். அதில் கலக்கிற மணி கப்பலில் வருகிறது.

"அக்கா, வரி வந்தா நான் என்ன பண்றது?"

"அவங்க ஊர் விலைக்கும் கீழ இங்க கொட்றாங்க ஆசீர். நாங்க மூடினதும் விலைய ஏத்துவாங்க."

"அது அப்ப. நான் இப்ப பெயின்ட் விக்கணும்ல? போன வருஷம் எட்டு வாரம் உங்க உலை நின்னு போச்சு. யாராவது எங்களுக்கு மணி குடுத்தீங்களா? அப்பதான் முதல் தடவையா கப்பல் மூட்டை வாங்கினேன்."

நான் பதில் சொல்வதற்குள் ஆசீர் மனைவி லூர்துராணி குழம்புக் கரண்டியோடு நடுவில் வந்துவிட்டாள். "சாப்பிடற இடத்துல ரெண்டு பேரும் ரோடு போடாதீங்க."

சிரித்தோம். அவன் முதலில் நிறுத்தினான்.

2 ஏப்ரல் 2024

மனுவை இன்றுதான் முழுதாகப் படித்தேன். என் பங்கு உற்பத்திப் பக்கத்தை நிரப்பிக் கையெழுத்திட்டதோடு சரி. எட்டு வாரம் உலை நின்றது பற்றி ஒரு வரிகூட இல்லை.

3 ஆகஸ்ட் 2024, ஆடிப்பெருக்கு

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் பஸ். காவிரிப் பாலத்தில் ஏறியதும் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். கரை தெரியாத தண்ணீர். பஸ் நிற்பது போலவும் பாலம் மேற்கே நகர்ந்து போவது போலவும் இருந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நடந்து திரும்பினேன்.

சித்திரை வீதியில் சார் வீடு. அவர் மனைவி வத்ஸலா மாமி இலையில் சித்ரான்னம் வைத்துக் கொடுத்தார். சார் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டேன்.

"சார், உலை நின்ன எட்டு வாரம் எதுலயும் வரலையே?"

பேனாவை மூடினார். "வக்கீல் வேண்டாம்னார். நஷ்டத்துக்கு நாமளே காரணம்னு எதிர்த்தரப்பு பிடிச்சுண்டுடும்னார். கேட்டா பாத்துக்கலாம்."

"கேப்பாங்களா?"

"யாருக்குத் தெரியப் போறது?"

திரும்பும்போது தண்ணீரைப் பார்க்கவில்லை. போன வருடம் உலையின் உள்சுவர் சரிந்த சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பெரிய சத்தம் இல்லை அது. யாரோ உள்ளே உட்கார்ந்து பெருமூச்சு விட்டது போலத்தான் இருந்தது.

22 அக்டோபர் 2024, செவ்வாய்

விசாரணை. டெல்லிக்குப் போகவில்லை, ஆபீஸ் அறையில் டிவியில் வீடியோ. கட்டம் கட்டமாக முகங்கள். எங்கள் வக்கீல், இறக்குமதி செய்கிறவர்களின் வக்கீல், அதிகாரிகள். பிறகு பெயின்ட் செய்கிறவர்கள் சார்பில் ஒரு கட்டம் பெரிதானது.

ஆசீர்.

அவனுக்குப் பின்னால் மாடி வீட்டு நீலத் திரை. நான் தைத்துக் கொடுத்தது. நல்ல இங்கிலீஷில் நிதானமாகப் பேசினான். வரி வந்தால் எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுகள் நின்றுபோகும் என்றான். அதோடு விட்டிருக்கலாம். மனு கொடுத்த கம்பெனிகளில் ஒன்றின் உலை விசாரணைக்குக் கணக்கில் எடுத்த வருடத்தில் எட்டு வாரம் உடைந்து கிடந்தது, உள்சுவர் சரிந்தது, அதை அவர்கள் சொல்லவே இல்லை, நஷ்டம் இறக்குமதியாலா உடைந்த உலையாலா என்று பார்க்க வேண்டும் என்றான்.

சார் என் பக்கம் திரும்பவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

என்ன பண்ணிட்டான் பாரு. நான் அவனுக்கு சோறு போட்டுக்கிட்டே சொன்னது அது. உலை சரிஞ்ச அன்னைக்கு உடம்பெல்லாம் சாம்பலோட வந்து, யார்கிட்டயாவது சொல்லணும்னு அவன்கிட்ட சொன்னேன். தலையில கைய வச்சு, அழாதக்கான்னு சொன்னவன். அதையே எடுத்து—

ஆனால் அவன் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது?

24 அக்டோபர் 2024

சாரிடம் சொன்னேன். "அவன் என் தம்பி. உலை சரிஞ்சது நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்."

"கூடப் பொறந்தவன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லுவேள்," என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

அந்த எட்டு வாரம் பற்றி வக்கீல் எழுத்தில் பதில் அனுப்பிவிட்டாராம். 'வழக்கமான பராமரிப்பு' என்று.

1 நவம்பர் 2024

மாடியிலிருந்து தீபாவளிப் பலகாரம் வந்தது. லூர்துராணி கொண்டுவந்தாள். அவன் வரவில்லை. நானும் ஏறவில்லை.

12 நவம்பர் 2024, செவ்வாய்

கணக்குகளையும் உலைகளையும் நேரில் சரிபார்க்க டெல்லியிலிருந்து இரண்டு பேர். மூத்தவர் ஒரு அம்மா, ஹிந்தி, இங்கிலீஷ். கூட வந்தவர் சித்தார்த்தன் என்று ஒரு இளம் அதிகாரி. இங்கிலீஷ் தவிர வேறு எதற்கும் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் அந்த அம்மா உலைப் பதிவுப் புத்தகத்தைக் கேட்டார். சார் என்னிடம் தமிழில், முகம் மாறாமல், "பழசெல்லாம் கோடவுன்ல கிடக்கு, தேடணும்னு சொல்லுங்கோ," என்றார்.

புத்தகம் என் டிராயரில் இருந்தது. என் முழங்கால் அந்த டிராயரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"தேட வேண்டும்," என்று இங்கிலீஷில் சொன்னேன். என் குரல் யாருடையதோ போலக் கேட்டது.

அவர்கள் கிளம்பியதும் சாரைக் கேட்டேன். "ஏன் சார்? எட்டு வாரம்தான் வெளில வந்துடுச்சே?"

"அதுல உங்க கையெழுத்து இருக்கு பிரான்சி."

மறந்திருந்தேன் என்று எழுதினால் அது பொய். 2023 ஜனவரி முப்பது. 'உள்சுவரில் விரிசல். ஆர்டர் முடியும்வரை ஓடட்டும். பிரான்சி.' பத்தாம் நாள் சரிந்தது. பழைய கற்களை மாற்ற அதற்கு முந்தின வருடமே கேட்டிருந்தேன்; விலை விழுந்துகொண்டிருந்ததால் தள்ளிப்போட்டோம். ஆனால் ஓடட்டும் என்று எழுதிய கை என்னுடையது.

"நாளைக்கு எவனாவது அதைப் படிச்சுட்டு, உங்களாலதான் கேஸ் தோத்து இங்க எம்பது பேர் வேலை போச்சுன்னு சொல்லப்படாது," என்றார் சார். "அதுக்குத்தான் வக்கீல் சொன்னதும் சரின்னுட்டேன்."

இரண்டு வருடம் என் தவற்றை மறைத்து அதன் மேல் இவர் உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தெரியாமலே.

13 நவம்பர் 2024

விடியற்காலையில் ஒரு கனவு. காவிரியில் தண்ணீருக்குப் பதில் மணிகள் ஓடுகின்றன. சத்தமே இல்லை. நான் இடுப்பளவில் நிற்கிறேன். குளிராக இல்லை, சூடாகவும் இல்லை. யாரோ கரையிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், கோபமில்லாமல்.

எழுந்ததும் தெளிவாக இருந்தது. ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

அதிகாரிகள் உட்கார்ந்ததும் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தேன். தமிழில் இருந்ததை நானே இங்கிலீஷில் படித்தேன். விரிசலைப் பார்த்தது, ஓட விட்டது, சரிந்தது, எட்டு வாரம் நின்றது. கையெழுத்து என்னுடையது என்றேன். அதற்கு முந்தைய மூன்று வருடங்களின் புத்தகங்களையும் பக்கத்தில் அடுக்கினேன். உலை நன்றாக ஓடிய மாதங்களிலும் எங்கள் மூட்டை விற்காமல் கிடந்ததும் அவற்றில்தான் இருக்கிறது.

சார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும்," என்று மட்டும் சொன்னார்.

14 நவம்பர் 2024

கிளம்பும்போது சித்தார்த்தன் பின்தங்கி, ஷூ லேஸைக் கட்டுவதுபோலக் குனிந்தார். "புஸ்தகம் கோடவுன்ல கிடைச்சிடுச்சுங்களா மேடம்?" என்றார். சுத்தமான நம்ம ஊர்த் தமிழ்.

அவர் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

"உப்பிலியபுரம் பக்கங்க நான்," என்றார். "சார் உங்ககிட்ட சொன்னது முதல் நாளே கேட்டுச்சு. ரெண்டாம் நாள் வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன்."

கார் போன பிறகு சாரிடம் சொன்னேன். முதலில் வெளுத்தார். பிறகு நாற்காலியில் சரிந்து, சத்தமில்லாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்து வெகு காலம் ஆகிறது.

25 டிசம்பர் 2024

காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் ஆசீர் எதிரே வந்தான். "ஹேப்பி கிறிஸ்மஸ்க்கா." "உனக்கும்." இரண்டு பேரும் வேறு வேறு வண்டியில் ஒரே வீட்டுக்கு வந்தோம்.

11 மார்ச் 2025, செவ்வாய்

தீர்ப்பு மாதிரி ஒன்று வந்தது. இறுதி முடிவு என்று பெயர். நூறு பக்கத்துக்கு மேல். நான் தேடியது ஒரே ஒரு பத்தியை. அறுபத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது. ஒரு உற்பத்தியாளரின் உலை பழுதான எட்டு வாரங்களை விசாரணை அதிகாரி தனியே கழித்துப் பார்த்தார். பதிவுகள் நேரில் அளிக்கப்பட்டன. அவற்றைக் கழித்த பிறகும் பாதிப்பு இருக்கிறது, அது மலிவாகக் கொட்டப்பட்ட இறக்குமதியால் வந்தது. ஐந்து வருடத்துக்கு வரி போடப் பரிந்துரை. நாங்கள் கேட்டதைவிடக் குறைவு.

என் பெயர் இல்லை. எட்டு வாரம் என்ற இரண்டு சொல் மட்டும் இருந்தது. அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தேன், பைத்தியம் மாதிரி.

இன்னும் நிதி அமைச்சகம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று மாதம் ஆகலாம்.

20 ஏப்ரல் 2025, ஈஸ்டர்

மாடியில் சாப்பிடக் கூப்பிடவில்லை. லூர்துராணி கிண்ணத்தில் கொண்டுவந்தாள். "அவர் கணக்கு போட்டுப் பாத்துட்டே இருக்கார் அண்ணி," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

5 ஜூன் 2025

வரி வந்துவிட்டது. கெஜட்டில் போட்டுவிட்டார்கள். தொழிற்சாலையில் லட்டு. எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு லட்டைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். வீடு வந்து, மாடிப்படியைப் பார்த்ததும், எறும்புக்குப் போட்டுவிட்டேன்.

19 ஜூலை 2025

ஆசீர் மூன்று பேரை நிறுத்திவிட்டான். முப்பது கிலோ மூட்டையை ஒரே கையில் தூக்குகிறவர் முஜிபுர் ரஹ்மான்; அவன் யூனிட் தொடங்கிய நாளிலிருந்து கூட இருந்தவர். அவரையும்.

நாங்கள் ஜெயித்தது இதையா? இதையும்தான். எங்கள் எண்பது பேர் ஒரு தட்டில், மூன்று பேர் ஒரு தட்டில் என்று மனம் நிறுக்கப் போகிறது. நிறுக்காதே என்று அதட்டினேன். அந்த மூன்று பேருக்கும் முகம் இருக்கிறது.

4 செப்டம்பர் 2025

இரண்டாம் உலையைப் பற்றவைத்தோம். நெருப்பு பிடித்ததும் உள்ளே ஒரு ஊதா நிறம் ஏறி, மஞ்சளாகி, பிறகு நிறமே இல்லாமல் போனது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆள் போதவில்லை என்கிறார்கள்.

9 செப்டம்பர் 2025

ஆசீர் போன் செய்தான். மாடியிலிருந்து, கீழே இருக்கிற எனக்கு.

"அக்கா. அங்க உலைக்கு ஆள் எடுக்கிறதா கேள்விப்பட்டேன்."

"ஆமா."

"ரஹ்மான் அண்ணனுக்கு… நான் கேக்கறது சரியில்லதான்."

"திங்கக்கிழமை காலைல வரச் சொல்லு."

வைக்கவில்லை அவன். நானும் வைக்கவில்லை. போனில் அவன் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது; அதே சத்தம் கூரை வழியாகவும் கேட்டது.

15 செப்டம்பர் 2025, திங்கள்

ரஹ்மான் அண்ணன் சேர்ந்தார். சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "சூடு தாங்குவேளா?" என்று. "பெயின்ட் கொப்பரைல பதினோரு வருஷம் நின்னிருக்கேங்க," என்றார் அவர். மத்தியானம் உலையடியில் அவர் கைக்குட்டையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, முழுங்காமல் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, மறுபடி உள்ளே போனார். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ஆசீர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். யூனிட்டிலிருந்து வந்த சட்டையோடே இருந்தான்.

"அண்ணன் எப்படி இருந்தார்?"

"நல்லா இருந்தார். கேன்டீன் சோறுதான் பிடிக்கலையாம்."

தலையை ஆட்டினான். பிறகு, என்னைப் பார்க்காமலே, சுவர்ப் பக்கம் நகர்ந்து இடம் விட்டான்.

பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.