பதினேழு ஒன்றுகள்

காஞ்சிபுரம்
3-6-2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் பாதியில் குறட்டை வருகிறது, அதனால்தான் கடிதம்.

லீவுக்கு அம்மா வீட்டுக்கு வரும்போது எடுத்துவந்த நம் நோட்டுகளைப் பொழுது போகாமல் சரிபார்த்தேன். கல்யாணமான மாதம் தொடங்கினோமே, பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண் பகா எண்ணா இல்லையா என்று. 34-ஆல் வகுத்தால் ஒன்று மீதி வரும் பகா எண்களால் மட்டும்தான் அதை வகுக்க முடியும். போனில் தேடக்கூடாது என்று சத்தியம் செய்துகொண்டு, தினமும் ஆளுக்கு மூன்றாக ஐந்து வருடம் போட்டோம்.

உங்கள் பக்கத்தில், போன அக்டோபரில், 2071723. மீதி 9 என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மூன்று முறை வகுத்தேன். மீதியே இல்லை மாமா! ஈவு 5363222357. பதினேழு ஒன்றுகள் பகா எண் இல்லை, நம் கணக்கு முடிந்தது.

அந்தச் சந்தோஷம் கால் மணி நேரம்கூட இல்லை. அன்று நீங்கள் வகுக்கவே இல்லை, அப்படித்தானே? கம்பெனியில் கூடுதல் நேரம், அந்த ஓ.டி., முடித்து வந்து, நான் பேசுவதற்கெல்லாம் 'ம்' கொட்டுவது போல அதற்கும் ஏதோ எழுதிவிட்டீர்கள். எனக்கு அலுத்துவிட்டது. இங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை தருகிறார்கள். இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். சேர்ந்தால் படப்பையில் நம் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவிதான்,
சுவாதி


ஒரகடம்
9-6-2024

அன்பு சுவாதிக்கு,

ஞாயிறும் ஓ.டி.தான். கம்பெனியில் டீ பிரேக்கில் எழுதுகிறேன். "இன்னாபா, லவ் லெட்டரா? லைன் ஓடிக்கினு கீது, வா" என்று சூப்பர்வைசர் தளவாய் கத்துகிறார்.

அன்று நான் வகுத்தேன். மீதி வரவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி போட்டேன். அப்போதும் வரவில்லை. நீ எதிரே குனிந்து உன் மூன்றாவது கணக்கில் இருந்தாய். சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நோட்டை மூடிவிடுவாய். மறுநாளிலிருந்து நான் வந்ததும் படுத்துவிடுவேன். நீயும் நானும் ஓரிடத்தில் உட்காருவது அந்த ஒரு மணி நேரம்தான். அதுவும் போய்விடும் என்று பயந்துபோய் 9 என்று எழுதினேன். தூக்கத்தில் இல்லை, நன்றாக விழித்துக்கொண்டுதான் எழுதினேன்.

வேலையில் சேராதே என்று சொல்ல எனக்கு முகமில்லை. ஆனாலும் வந்துவிடு.

இளம்பரிதி


காஞ்சிபுரம்
15-6-2024

மாமா,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம்கூடக் காட்டவில்லை. படித்துவிட்டு அழுதேன். பிறகுதான் கோபம் வந்தது.

அக்டோபருக்குப் பிறகும் ஏழு மாதம் நான் வகுத்தேன். அறுநூறு கணக்குக்கு மேல் இருக்கும். காய்ச்சலோடுகூடப் போட்டேன். அத்தனையும் வீண் என்று தெரிந்தே எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இன்னும் ஒண்ணுதான் கீது சுவாதி, போட்டுட்டுப் படு" என்று வேறு சொன்னீர்கள்.

கொஞ்ச நேரம் என்னோடு இரு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே. அதற்கு உங்களுக்கு வாய் வரவில்லை.

வேலையில் சேருகிறேன் என்று நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன். கோபத்தில் இல்லை, அசதியில். நோட்டுகளையும் எடைக்குப் போட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இங்கே அம்மா வீட்டில்தான் இருப்பேன். ஓ.டி. வேண்டாம் என்று தளவாயிடம் சொல்ல முடிந்த ஒரு ஞாயிறு வந்தால், கையை வீசிக்கொண்டு வாருங்கள். எதிரே நாற்காலி போட மாட்டேன். பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

சுவாதி