பாப்பா நாச்சம்மாள் அக்கா ஊட்டில் இருக்கிறாள்

மாமா,

பாப்பா பக்கத்து ஊட்டு நாச்சம்மாள் அக்காவிடம் இருக்கிறாள். இந்த முறை நானே கையில் கொடுத்துவிட்டு வந்தேன். தாய்ப்பால் ஃப்ரிட்ஜில் சின்ன டம்ளரில் இருக்கிறது. வெந்நீரில் வைத்து எடுத்து, சங்கில் புகட்டுங்கள். பாப்பாவின் எறும்பு கடித்த காலுக்கு மருந்து ஜன்னலில் இருக்கிறது.

நேற்று வயலில் தூளியில் தூங்கியவளை விட்டுவிட்டு, புல்லுக்கட்டோடு நான் மட்டும் வந்து நின்றேன். "பாப்பா எங்கடி?" என்று நீங்கள் கேட்ட பிறகுதான் நமக்கு ஒரு பிள்ளை இருப்பதே நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்த் தூக்கி வந்து, "பெத்தவதானாடி நீ?" என்றீர்கள்.

சுகாதார நிலையத்திலிருந்து பாப்பாவைப் பார்க்க வரும் ஆஷா அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "பெத்த உடம்புக்கு வர்ற நோவு கண்ணு இது, டாக்டர்கிட்டக் காட்டோணும்" என்றார். அதனால் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். உங்களிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை.

சோறு ஆக்கிவிட்டேன். குழம்புக்கு உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை.

- பிரியா

கேஸை மூடிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். வந்ததும் பாருங்கள்.

இன்னொன்று மாமா. சாயங்காலம் நான் வந்த பிறகும் பாப்பாவை என்னிடம் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். கோபம் இருந்தாலும் பரவாயில்லை, ஊட்டிலேயே இருங்கள்.