இரண்டாம் முறை கட்டிய வேப்பங்குழை

ஆரையம்பதி
11.06.1997

அன்புள்ள மகன் யோகனுக்கு,

அம்மா எழுதுவது. கண்ணகை அம்மன் கண் திறந்து பார்க்கிற மட்டும் நாங்கள் சுகம், நீயும் அந்தக் குளிருக்குள் சுகமாய் இருக்க வேண்டுமென்று அவவைத்தான் கும்பிடுகிறேன். இந்தக் கடிதத்தை இங்கே தபாலில் போடவில்லை, கொழும்புக்குப் போகிற றோசம்மா ரீச்சர் கையில் கொடுத்து விடுகிறேன், ஏன் என்று வாசிக்க விளங்கும். உன் கடிதம் கிடைத்தது. லண்டனில் அறையிலிருந்து கெம்பசுக்கு முக்கால் மணித்தியாலம் நடந்தே போகிறாய் என்றும், நடந்து வந்தால் பிள்ளைகளின் நெஞ்சுக்கு நல்லது என்று கெம்பசிலேயே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தோணியில் வலையை ஏற்றியபடியே, அப்ப எங்கட மகள்தான் இலங்கையிலயே நல்ல சுகமான ஆள் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்கச்சி சுகிர்தா செங்கலடியில் மூன்று பிள்ளைகளோடு அறை எடுத்து இருப்பது உனக்குத் தெரியும். அங்கேயிருந்து வந்தாறுமூலைக் கெம்பசுக்கு நடைதான், பஸ் நினைத்தால் வரும், நினையாவிட்டால் இல்லை. வயிற்றில் வெறும் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும், வழியில் ஆமிச் சென்றியில் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் வரிசை, ஒரு நாள் அரை மணித்தியாலம், ஒரு நாள் ஒன்றரை. சித்திரைக்குப் பிறகு இரண்டு தரம் அந்த வரிசையிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை கள்ளி, கூட இருக்கிற பிள்ளைதான் சொன்னது. டொக்டர் பார்த்துவிட்டு, உடம்பில ரெத்தம் இல்ல புள்ள, குளிசை தாறன், முருங்கையிலை தின்னு, கொஞ்ச நாளைக்கு நடக்காத என்றாராம். நடக்காமல் பறந்தா போகிறது. அந்த வரிசையில் நிற்கிற பிள்ளைகள் பாதிப் பேர் அப்படித்தானாம், வெளிறின முகமும் வறண்ட உதடும்.

இனி நான் செய்த பிழையைச் சொல்கிறேன், உனக்கு ஒளித்து என்ன. மாசி மாதம் சுகிர்தா லீவில் வந்து நிற்கும்போது ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். கெம்பஸ் பிள்ளைகள் உள்ள வீடுகளாய்ப் பார்த்துத்தான் வந்தார்கள். முதல் நாள் பக்கத்து வீட்டுப் புஸ்பம் மாமியின் மகனை ஏற்றினார்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்றுதான் சொன்னார்கள், இன்று வரைக்கும் அவனுடைய செருப்புக்கூடத் திரும்பி வரவில்லை. எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை மகன். அம்மாள் வருத்தம் வந்த வீடு மாதிரி வேப்பங்குழை ஒடித்து வாசல் கடப்பில் கட்டினேன், மஞ்சள் தண்ணி தெளித்தேன், ஒரு வருத்தமும் இல்லாத பிள்ளையைப் பாயில் போர்த்திக் கிடத்தினேன். வந்தவன் கையில் வெள்ளை நூல் கட்டின ஒரு கோப்ரல். குழையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டான், சிங்களவர்களுக்கும் கண்ணகை அம்மன் பத்தினித் தெய்வம்தானே. அம்மாள் ஆருக்கு வந்திருக்கிறா என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். எனக்கு என்று சொல்லியிருக்கலாம், அப்பாவுக்கு என்று சொல்லியிருக்கலாம். என் நாக்கில் சனி இருந்தது, மகளுக்கு என்றேன். கடப்பைத் தாண்டாமல் போய்விட்டான். அன்றைக்கு நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

பொய்யாய்க் கூப்பிட்டாலும் அவ வருவா மகன். வைகாசியில் கெம்பஸ் பிள்ளைகளுக்கு ஒருவருக்குப் பின் ஒருவராய் அம்மாள் வருத்தம், சோர்ந்த உடம்புகளில் சுறுக்காய்ப் பரவி, வகுப்புகளையும் இரண்டு கிழமைக்கு நிறுத்திவிட்டார்கள். சுகிர்தா காய்ச்சலோடு கெம்பசிலிருந்து செங்கலடி மட்டும் நடந்து, பஸ் பிடித்து, போன வியாழக்கிழமை முகம் முழுக்கக் கொப்பளத்தோடு வந்து விழுந்தாள். திரும்பவும் குழை கட்டினேன். சனிக்கிழமை அதே கோப்ரல் வந்தான். இந்த முறை தொப்பியைக் கழற்றவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது, சிங்களத்தில் மெதுவாகத்தான் கதைத்தான். அப்பாவுக்குப் பொலன்னறுவையில் வேலை செய்த காலத்துச் சிங்களம் தெரியும், அவர்தான் எனக்குச் சொன்னார். எங்கட ஊரிலயும் அம்மாள் ஒரு உடம்புக்கு ஒருதரந்தான் வருவா, உங்கட மகளுக்கு மட்டும் நாலு மாசத்தில ரெண்டு தரமா, இதில எது பொய் என்று கேட்டானாம். மறுகா, தண்ணி வாக்கிறது எப்ப என்று கேட்டான். உன் அப்பா அரிச்சந்திரன் அல்லவா, ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டார். அம்மாள் நிக்கிற வீட்டுக்குள்ள நான் வரமாட்டன், வெள்ளி காலமை தண்ணி வாத்த கையோட வாறன், முகத்தில தழும்பு இருந்தா மாசியில ஏன் ஒளிச்ச எண்டு சொல்லவேணும், தழும்பு இல்லாட்டி இப்ப ஏன் ஒளிக்கிற எண்டு சொல்லவேணும், எப்பிடியும் பிள்ளையைக் கேம்புக்குக் கொண்டு போவன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்பா தோணியில் ஏற்றி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆமி இல்லாத படுவான்கரைக்குக் கொண்டுபோய் விடுவோம் என்கிறார். அம்மாள் நிற்கிற உடம்பைத் தண்ணி கடத்தக் கூடாது, ஒருதரம் அவவோடு விளையாடினது போதும் என்று நான் மறித்துவிட்டேன். ஆற்றில் அவர்களுடைய போட்டும் திரிகிறது. நான் மறித்தது சரியோ பிழையோ தெரியவில்லை. மற்றத் தாய்மார் பிள்ளைக்குக் கொப்பளம் சுறுக்காய்க் காய வேண்டுமென்று நேர்வார்கள், நான் காயக் கூடாது என்று நேர்ந்திருக்கிறேன். ஈரம் இருந்தால் தண்ணி வார்ப்பதைத் தள்ளிப் போடலாம், குழையும் கடப்பில் நிற்கும். கண்ணாடியை ஒளித்து வைத்திருக்கிறேன். இன்று காலமை சுகிர்தா, அம்மா காஞ்சிட்டுதா, திங்கக்கிழமை நான் கெம்பசுக்கு நடக்கலாமா என்று கேட்டாள். இல்ல மகள், இன்னும் ஈரமாத்தான் இரிக்கு என்றேன். எல்லாம் காய்ந்துவிட்டது.

நீ வெறுவயிற்றோடு நடக்காதே, காதை மூடிக்கொண்டு போ. இங்கே போன் எடுக்காதே. உனக்கு ஒரு குறையும் வராமல் அம்மாள் காப்பா. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை முடிந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருக்கும். ஆனாலும் வாசித்த அன்றைக்குக் கெம்பசுக்கு நடக்கிற வழியில் தங்கச்சியின் பெயரைச் சொல்லி ஒருதரம் கும்பிடு, மறந்துவிடாதே.

உன் அம்மா,
சா. சீதேவிப்பிள்ளை